நாலு பைப் ஹீட்சிங்க்

செம்பு எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு குளிர்ச்சி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் நம்பினேன். ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும் என்று. இருபது வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன், நாற்பத்தேழு வயதில், இதை நம்பினேன். பத்துப் பொருத்தமும் பார்த்து நடந்த என் கல்யாணத்தில் என்னென்ன பொருந்தவில்லை என்று நன்றாகத் தெரிந்தவன், நாலு ஓட்டையைப் பார்த்து ஏமாந்துபோனேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் போனாலும் சரி.

1. பேர் வாங்கிய கதை

செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையின் எட்டு லிங்கத்தில் ஒன்றான அக்னி லிங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் என் கடை. பக்கத்துக் கடை ஜாபர் பாய்க்கு. அவர் மொபைல் போர்டு வேலை செய்கிறவர். லென்ஸ் வைத்துக்கொண்டு எறும்பு சைஸ் சிப்பைக் கழற்றி மாட்டுவார். அதைவிடச் சின்ன என் தப்பையும் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடிப்பார்.

கேமிங் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே செம்பு பைப்புகள் ஓடும். சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் தகடு சூட்டை இழுத்து, பைப் வழியாக ஓரத்தில் இருக்கும் ஃபின்னுக்குக் கொண்டுபோகும். ஃபின் என்பது சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் மெல்லிய தகடுகள். அதன் மேல் ஃபேன் காற்றை அடித்துச் சூட்டை வெளியே தள்ளும். இந்த மொத்தச் சாமானுக்கும் பெயர் ஹீட்சிங்க். ஒரே பாடியில் கம்பெனிக்காரன் ரெண்டு மாடல் போடுவான். விலை கம்மியான மாடலுக்கு ரெண்டு பைப், விலை ஜாஸ்தியான மாடலுக்கு நாலு பைப்.

போன வருஷம் ஒரு இன்ஜினியரிங் மாணவனின் லேப்டாப்பில், ரெண்டு பைப்பை எடுத்துவிட்டு ஸ்கிராப்பில் வாங்கிய நாலு பைப்பை மாட்டினேன். கேம் ஆடும்போது தொண்ணூத்தி மூணு டிகிரி போனது எண்பத்தி ரெண்டில் நின்றது. அவன் காலேஜ் முழுக்கச் சொல்லிவிட்டான். அடுத்த ரெண்டு மாதம் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஆள் வந்தார்கள்.

"நாலு பைப் நாகப்பனாயிட்டயே, கடைப் பேரு போர்ட மாத்திடலாமா?" என்றார் ஜாபர் பாய். என் பெயர் நாகப்பன்.

அந்த மாணவன் லேப்டாப்பில் ரெண்டு மாடலுக்கும் போர்டும் அதிலிருக்கும் சிப்பும் ஒன்றே. பைப் எண்ணிக்கை மட்டும்தான் வேறு. அது தற்செயல். நான் அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

2. தேன்மொழி கேட்டது

ஒரு திங்கட்கிழமை காலை அடி அண்ணாமலையிலிருந்து தேன்மொழி வந்தாள். வீடு கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் வீட்டின் முகப்பை வரைந்து காட்டுவது அவள் வேலை. இந்த முறை வீடு இல்லை, கீழ்பென்னாத்தூரில் வரப்போகும் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நுழைந்து, சாப்பாட்டு ஹால் வரைக்கும் நடந்து பார்ப்பது மாதிரி வீடியோ செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்துக்காரர்களிடம், அவளுக்கு வேலை கொடுத்த இன்ஜினியர் அதைக் காட்டுகிறார்.

"இது நல்லா வந்தா அவரு வேல மொத்தமும் எனக்குத்தாங்கண்ணா. வரலன்னா சென்னைல ஒரு ஆபீஸ் இருக்காம், அங்க குடுத்துடுவேன்னுட்டாரு. வீடியோ ரெடியாவ ஒரு ராத்திரி ஒரு பகல் ஓடணும். அரை மணி நேரத்துல சூடாகி அணஞ்சிடுது."

லேப்டாப்பைப் புரட்டினேன். ரெண்டு பைப் மாடல். என் முகம் மலர்ந்தது என்று பாய் பிற்பாடு சொன்னார்.

"கம்பெனிக்காரன் சின்ன ஹீட்சிங்க்கா போட்டுட்டாம்மா. இந்த வேலைக்குப் பத்தாது. பெரிசா மாத்திடலாம்."

அவள் விடவில்லை. "இதே ஹீட்சிங்க்தானேண்ணா ரெண்டு வருஷமா ஓடுச்சு? அப்ப பத்துச்சு, இப்ப ஏன் பத்தல?"

நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எங்கள் தொழிலில் இங்கிலீஷ் பேசுவோம். தெர்மல் லோடு, த்ராட்லிங், அப்டேட் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். அவள் தலையாட்டினாள். போகும்போது வாசலில் நின்று, "பௌர்ணமிக்கு மறுநாள்தாண்ணா ரொம்ப ஜாஸ்தியா சூடாகுது" என்றாள்.

"சந்திரனுக்கும் சிப்புக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

அன்றே கடமைக்கு லேப்டாப்பின் காற்று ஓட்டை வழியாக ப்ளோயர் அடித்தேன். கொஞ்சம் தூசி வந்தது. சர்வீஸ் ஆயிற்று என்று நோட்டில் எழுதினேன்.

3. புதன்கிழமை காலை

நாலு பைப் ஹீட்சிங்க்கை ஒரு ஸ்கிராப் லேப்டாப்பிலிருந்து ஃபேனோடு கழற்றி வைத்திருந்தேன். அதே கம்பெனி, அதே பாடி. தேன்மொழியின் பழைய ஹீட்சிங்க்கை ஃபேனோடு கழற்றினேன். அதை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் டீத் தட்டுக்கு அடியில் தள்ளினேன். புதிதை வைத்தேன். நாலு ஓட்டையும் கச்சிதமாகப் பொருந்தின. ஸ்க்ரூ போட்டுப் பவர் கொடுத்தேன்.

விண்டோஸ் வருவதற்குள் தொண்ணூத்தி எட்டு டிகிரி. அணைந்துவிட்டது.

பேஸ்ட் பத்தவில்லை என்று நினைத்தேன். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் அது, மெல்லிசாகத் தடவ வேண்டியது. நான் இட்லிக்குச் சட்னி மாதிரி ஊற்றினேன். மறுபடியும் தொண்ணூத்தி எட்டு. ஸ்க்ரூவை இறுக்கினேன். போர்டு லேசாகக் 'கிறீச்' என்றது. பயந்து எல்லாவற்றையும் கழற்றி, ராம் என்கிற மெமரி ஸ்டிக்கையும் எடுத்து, முதலிலிருந்து மாட்டினேன்.

இந்த முறை சூடே இல்லை. ஏனென்றால் டிஸ்பிளேவே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது.

போர்டை உடைத்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த பத்து நிமிஷத்தில் மனதுக்குள் கடையைக் காலி செய்தேன், வேலூருக்குக் குடிபோனேன், அங்கே மச்சானின் கோழிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கோழி வெட்டத் தெரியாதே என்ற கவலை வந்தபோது போன் அடித்தது. தேன்மொழி.

"அண்ணா, எப்படிப் போவுது?"

"டெஸ்டிங்ல இருக்கும்மா" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள கெடச்சிடுமில்ல? இன்னிக்குப் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல பஸ்ஸு ஆட்டோ எதுவும் இந்தப் பக்கம் விடமாட்டாங்க."

"கெடச்சிடும்."

4. சட்டைப் பை

போனை வைத்ததும் நேராக அக்னி லிங்கத்துக்கு நடந்தேன். சூடு பிரச்சனைக்கு வேண்டிக்கொள்ள எட்டு லிங்கத்தில் அக்னியைத் தேடிப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். கிரிவலக் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டது. வரிசையில் நின்று, அந்த போர்டுக்கு உயிர் கொடு, இனிமேல் வாடிக்கையாளரிடம் இங்கிலீஷ் பேச மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். குருக்கள் விபூதி கொடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். விரலில் ஏதோ தட்டையாக, பல் பல்லாகத் தட்டுப்பட்டது.

ராம். கழற்றியதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ராம் இல்லாமல் எந்த லேப்டாப்பிலும் டிஸ்பிளே வராது. இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

கடைக்கு ஓடினேன். விபூதியை ஊதிவிட்டு மாட்டினேன். டிஸ்பிளே வந்தது. நான் கத்தின கத்தலில் ஜாபர் பாய் எட்டிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"சாமி உயிர் குடுக்கலய்யா. உன் பாக்கெட்ட செக் பண்ணச் சொல்லியிருக்கு" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். தொண்ணூத்தி எட்டு. அணைந்தது.

"பிரிண்ட் பாத்தியா?"

"இல்ல பாய்."

"இத்தினி வருஷம் தொழில் பாத்து என்னா புண்ணியம்?"

பிரிண்ட் என்றால், மாட்டிய ஹீட்சிங்க்கைத் திரும்ப எடுத்துப் பேஸ்ட் எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்ப்பது. தகடு சிப்பை அழுத்தியிருந்தால் பேஸ்ட் மெல்லிசாகப் பரவியிருக்கும். எடுத்துப் பார்த்தோம். நான் ஊற்றிய சட்னி சிப்பின் மேல் குவியலாக அப்படியே இருந்தது. தகட்டில் நுனி மட்டும் ஒட்டியிருந்தது. பேஸ்ட்டைத் துடைத்து, ஹீட்சிங்க்கை வைத்து, தன் விசிட்டிங் கார்டை நடுவில் விட்டார் பாய். கார்டு தாராளமாகப் போய் வந்தது.

விலை ஜாஸ்தி மாடலின் சிப் கொஞ்சம் உயரமானது. அந்த உயரத்துக்குச் செய்த தகடு, தேன்மொழியின் சிப்பைத் தொடவே இல்லை. தொடாத செம்பு நாலு பைப்பாக இருந்தால் என்ன, நாற்பதாக இருந்தால் என்ன.

"நடுவுல ஒரு செம்புத் தகடு வெச்சிட்டா?" என்றேன்.

"அளவு தப்பா வெச்சா சிப்பு உடையும். இன்னிக்கு அந்த விஷப் பரீட்ச வேணாம். பழசு எங்க?"

டீத் தட்டை நகர்த்தி எடுத்துக் கொடுத்தேன். பாய் அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஃபின் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஃபேனைக் கழற்றினார். ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவில் கறுப்பாக, கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் கிளப்பினார். ஒரே துண்டாக வந்தது. விரலில் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னாய்யா இது, கோயில் வாசன வருது."

நான் ப்ளோயர் அடித்தபோது வெளித் தூசி மட்டும் போயிருக்கிறது. இந்தப் பிசுக்கு அசையவில்லை. ஃபின்களைக் கழுவி, பிரஷ் போட்டு, காயவைத்து, பழைய ஹீட்சிங்க்கையே மாட்டினேன். பேஸ்ட்டை ஒழுங்காகத் தடவி, பிரிண்ட் பார்த்து, ராம் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அவளுடைய மண்டப வீடியோவையே ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். எண்பத்தி மூணு டிகிரி. அதற்கு மேல் ஏறவில்லை.

5. அடி அண்ணாமலை

மணி மூன்று. ரோட்டில் வண்டி இல்லை. லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு கிரிவலக் கூட்டத்தோடு நடந்தேன். ரமணாசிரமம் தாண்டி ஒரு பெரியவர் என் பையைப் பார்த்து, "பூஜ சாமானா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

அவள் வீட்டை அடைந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டின் முன்பக்கம் சின்னக் கடை. அவள் கணவர் தேங்காயும் கற்பூரமும் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்கு எதிரே ஒரு சின்னப் பிள்ளையார். வருகிறவர்கள் கற்பூரத்தை வாங்கி அங்கேயே ஒரு பெரிய தட்டில் ஏற்றினார்கள். கறுப்புப் புகை எழும்பி, காற்றுக்கு வளைந்து, கடைக்குப் பக்கத்து ஜன்னலுக்குள் நுழைந்தது. ஜன்னலை ஒட்டி உள்ளே ஒரு மேசை. மேசை மேல் ஒரு மவுஸும் சார்ஜரும்.

"இங்கதான் வேல பாப்பியாம்மா?"

"ஆமாண்ணா. ரெண்டு வருஷமா. இங்கதான் டவர் நல்லா கெடைக்கும்."

மாதம் ஒரு பௌர்ணமி. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த ஃபேன் ஒரு தட்டுப் புகையை உறிஞ்சியிருக்கிறது. சந்திரனுக்கும் சிப்புக்கும் சம்பந்தம் இருந்தது. அவள் வாசலில் நின்று அதைத்தான் சொன்னாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டக் கூடாததை மாட்டியது, ராமைப் பையில் வைத்துக்கொண்டு போர்டு போயிற்று என்று பயந்தது, போனில் டெஸ்டிங் என்றது. ராம் கதைக்கு அவள் கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் போன் பண்ணப்ப மணி பதினொண்ணுண்ணா. போர்டு போச்சோ என்னமோன்னு சொல்லியிருந்தா, பஸ் நிக்கறதுக்குள்ள டவுனுக்கு வந்து வேற யாருகிட்டயாவது மெஷின் கேட்டிருப்பேன்ல? உங்கள நம்பித்தான் உக்காந்திருந்தேன்."

இருபது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் டெஸ்டிங் என்று சொல்லியிருக்கிறேன். என் பயத்தை மறைக்கச் சொல்லும் வார்த்தை, எதிரில் இருப்பவரின் நேரத்தைத் தின்கிறது என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அல்லது சொன்னபோது நான் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

மேசையை நானும் அவள் கணவரும் தூக்கிப் பின்அறையில் போட்டோம். ஆறரை மணிக்கு அவள் வேலையை ஓடவிட்டாள்.

வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ முடிந்தது. வெள்ளிக்கிழமை இன்ஜினியர் அதைக் காட்டினார்; அவர் வேலை மொத்தமும் தேன்மொழிக்கே வந்தது. நாலு பைப் ஹீட்சிங்க் என் கடையில் டீத் தட்டுக்கு அடியில் இருக்கிறது. அவள் லேப்டாப்பில் இன்றைக்கும் ஓடுவது, கம்பெனிக்காரன் போட்ட அதே ரெண்டு பைப்தான்.