யார் மடியில் உட்கார வைப்பது

வெளிநாட்டிலிருந்து ஒருவன் லீவில் வந்தால் எங்கள் பக்கத்தில் அவனுக்கு ஒரு முகம் காட்டுவார்கள். வேலை போய் வந்தால் வேறு முகம் காட்டுவார்கள். என் தம்பி இரண்டையும் பார்த்துவிட்டான். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன்.

தம்பி சவூதியில் இருந்தான். டிரைவர் விசாவில் போனவன், ஏசி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். விசா ஒருவர் பேரில், வேலை இன்னொருவரிடம். எங்கள் நைனார்பாளையத்திலிருந்து போன பலரும் அப்படித்தான் இருந்தார்கள். அதற்கு ஃப்ரீ விசா என்று பேர். விசா கொடுத்தவருக்கு மாசாமாசம் அழுதது போக மிச்சத்தைத்தான் ஊருக்கு அனுப்புவான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த வீட்டில், அந்த மிச்சத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. வடக்கனந்தலுக்கு மருமகளாக வந்தேன்.

திடீரென்று அந்த நாட்டில் சட்டத்தை மாற்றினார்கள். கடைக்கு இத்தனை பேர் உள்ளூர்க்காரர்கள் இருக்க வேண்டும், யார் பேரில் விசாவோ அவரிடம்தான் வேலை பார்க்க வேண்டும், மற்றவர்கள் கெடு முடிவதற்குள் தண்டனை இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம் என்றார்கள். டிவியில் அதைப் பொதுமன்னிப்பு என்றார்கள். இவன் என்ன கொலையா செய்தான், மன்னிப்பதற்கு என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை தேடினார்கள், அது எனக்குப் புரிகிறது. நம் ஜனங்கள் செய்ததுதான் இன்று வரைக்கும் புரியவில்லை.

தம்பி வந்து இறங்கிய அன்று நைனார்பாளையத்து வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. வந்தவர்கள் அவனிடம் பேசினார்களே தவிர, கண்ணெல்லாம் பெட்டி மேலேயே இருந்தது. சென்ட்டா, தைலமா, ஏதாவது வெளியே வராதா என்று பார்த்தார்கள். பெட்டியில் அவன் துணியும் ஸ்பேனர் பையும்தான் இருந்தன.

"அப்புறம் எப்ப கெளம்புறப்பா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இனிமே இங்கதாங்க" என்றான் தம்பி.

அவ்வளவுதான். பாதிப் பேர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். சவூதியில் இருந்த வரைக்கும் ஜாம் ஜாமென்று பொருந்திய ஜாதகம் அது. த்தூ!

அவனைப் போலவே திரும்பி வந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேலை கேட்டதில் சுற்றுவட்டாரத்தில் கூலியும் இறங்கிப்போனது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் சேர்க்கும் மேஸ்திரி, "ஆளு ஜாஸ்தி, வேல கம்மி. இஷ்டம்னா வா" என்றாராம். தம்பி மறுநாளே போனான். கிழங்கு பிடுங்குவதில் அவனுக்கு ஒரு வெட்கமும் இல்லை. பார்த்த சொந்தக்காரர்களுக்குத்தான் மானம் போயிற்று.

இந்த நேரத்தில்தான் என் மகளுக்குக் காது குத்தத் தேதி வைத்தார்கள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயசு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன். இதில் பேச என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியாருக்கு இருந்தது.

"உன் பெரியப்பா மவன் சிங்கப்பூர்லேர்ந்து லீவுல வந்துக்கிறாரு. அவரும் மாமன் முறைதானே? அவரு மடியில வச்சா இன்னா கொறஞ்சிடும்? நாலு பேரு வர்ற எடம்."

"கூடப் பொறந்தவன் இருக்கும்போது இன்னொருத்தர் மடியா? நடக்காது அத்தை."

"கெழங்கு புடுங்கினு கீறான் உன் தம்பி. சபையில இன்னாத்த வெப்பான்?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். தம்பி மடி இல்லையென்றால் காது குத்தே வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நைனார்பாளையம் போய்விடுவேன் என்று கத்தினேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார். அத்தனை சீக்கிரம் அவர் இறங்கி வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

புகுந்த வீட்டுக் குலதெய்வம் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி இருக்கிறது. நாங்கள் வேனில் போய் இறங்கியபோது தம்பி முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தான். தட்டில் பாவாடை சட்டை, பூ, பழம், குண்டுமணி அளவுக்கு ஒரு ஜோடித் தங்கத் தோடு. எப்படி வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மகளை அவன் மடியில் வைத்தேன். ஆசாரி இரண்டு காதிலும் குத்தித் தோட்டைப் போட்டார். வீறிட்டு அழுதவள் அவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் இரண்டு காதிலும் மாறி மாறி ஊதிவிட்டான். எனக்கு மனசு நிறைந்துபோனது. நிமிர்ந்து பார்த்தால், போட்டோக்காரர் கேமராவைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கிறார்.

"ஏன் எடுக்கல?" என்றேன்.

"அம்மா அப்புறம் எடுக்கலாம்னு சொன்னாங்க" என்று மாமியாரைக் காட்டினார்.

அதற்குள் பெரியப்பா மகன் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து தம்பி எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். மாமியார் என் மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"அத்தை, இது இன்னா கூத்து?"

"உன் ஆசைக்குக் காது குத்தியாச்சி. ஆல்பம் எங்க ஆசைக்கு இருந்துட்டுப் போவட்டும்."

குத்திய காதுக்குப் பக்கத்தில் மறுபடி ஊசியைப் பிடிக்கச் சொன்னார்கள் ஆசாரியை, படத்துக்காக! சீ, மனுஷங்களா இவர்கள்? ஊசியைப் பார்த்ததும் பிள்ளை துடித்துப்போய்க் கத்தினாள். அழுதால் படம் நன்றாக வராது என்றார் போட்டோக்காரர். மாமியார் கூச்சமே இல்லாமல் தம்பியிடம் திரும்பினார்.

"தம்பி, நீ வெளாட்டு காட்டினா சிரிக்குமே. கேமராவாண்ட போயி நில்லுப்பா."

"வாடா போலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுக்கா. கொயந்த அழுவுது" என்றான்.

போய் நின்றான். துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பூனை மாதிரி கத்தினான். என் மகள் கண்ணில் தண்ணீரோடு கலகலவென்று சிரித்தாள். போட்டோக்காரர் வேண்டிய மட்டும் எடுத்துத் தள்ளினார்.

அந்த ஆல்பம் இன்றைக்கும் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் எடுத்துக் காட்டுவார். "சிங்கப்பூர் மாமன் மடியில இன்னா மாதிரி ஒட்டிக்கினு சிரிக்குது பாரு கொயந்த" என்று அவர்களும் சொல்வார்கள். என் மகள் அந்த ஆளை ஒரு படத்திலும் பார்க்கவில்லை. எல்லாப் படத்திலும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற என் தம்பியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.