மாற்றி நடக் கூடாத செடி

கலிஃபோர்னியாவின் டப்ளின் ஊரில், பெரிய ஹார்டுவேர் கடை ஒன்றின் தோட்டப் பகுதியில்தான் நெடுஞ்செழியன் வெங்கடாசலத்தை முதலில் பார்த்தான். ஏப்ரல் மாதம், சனிக்கிழமை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செடி வளர்க்கும் துணித் தொட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு கேலன் பத்தாது, ஏழு வாங்கினால் அசைக்க முடியாது, அப்போ அஞ்சு என்று தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டார். பல்பு வாங்க வந்தவனுக்குக் கால் நகரவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன் அவன். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கல்விக் கட்டணச் சலுகைக்காகத் தாசில்தார் ஆபீசில் வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழின் படம் இன்னமும் அவன் போனில் இருக்கிறது. பட்டத்தில் எவ்வளவு பெருமையோ, அவ்வளவு பெருமை நாலு பேர் நடுவில் தன்னை விவசாயி வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதிலும். என்ன செடி அங்கிள் என்று கேட்டான்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கஞ்சா என்றார்.

கலிஃபோர்னியாவில் வீட்டுக்கு ஆறு செடி வரை வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பெரம்பூரில் ரயில்வே குமாஸ்தாவின் மகனாகப் பிறந்து, இருபது வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்த்து, காரை வேகமாக ஓட்டியதற்கு ஒரு அபராதச் சீட்டுகூட வாங்காத மனிதருக்கு அதைச் சத்தமாகச் சொல்ல வரவில்லை. மனைவி பர்வதத்துக்கு வயிற்றில் புற்றுநோய். கீமோ எடுத்ததிலிருந்து ஒரு கவளம் உள்ளே தங்குவதில்லை. எடை தொண்ணூறு பவுண்டுக்குக் கீழே போனால் கீமோவை நிறுத்த வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குத் தொண்ணூற்றேழு. குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரைகள் கேட்கவில்லை. கஞ்சா சிலருக்குப் பசியைக் கொண்டுவரும் என்று சொன்னதும் அதே டாக்டர்தான்.

கஞ்சா விற்க லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று நெடுஞ்செழியன் கேட்டான். அங்கேதான் சிக்கல். கடை வாசலில் அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணுகிறார்கள். கிரீன் கார்டுக்குப் பதிமூன்று வருடமாக வரிசையில் நிற்கிற குடும்பம். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசுக்கு அது குற்றம்தான், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். மகள் ஹம்சாவுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தொன்றுக்குள் கார்டு வராவிட்டால் அப்பாவின் ஃபைலிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். கடைக்குப் போக மாட்டேன் என்று பர்வதம் கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். செடியும் குற்றம்தான். ஆனால் பின்கட்டு வேலி உயரம். துளசியோடு துளசியாக நிற்கட்டும் என்று பர்வதம் விட்டுவிட்டார்.

வெங்கடாசலம் தேர்ந்தெடுத்தது தானாகப் பூக்கும் ரகம். மற்ற ரகங்கள் பகல் குறையும் வரை, அதாவது இலையுதிர் காலம் வரை பூக்கக் காத்திருக்கும். இது வெயிலைப் பார்க்காது, தன் வயதைப் பார்க்கும். முளைத்த நாலாவது வாரம் பூக்கத் தொடங்கி, பத்தாவது வாரம் அறுவடைக்கு வந்துவிடும். பர்வதத்துக்கு இருந்த அவகாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

“ஒரு விதைக்கு இம்மாம் பெரிய தொட்டியா?” என்று நெடுஞ்செழியன் சிரித்தான். “எல்.கே.ஜி. புள்ளையக் கொண்டுபோய் காலேஜ்ல உக்கார வைப்பீங்களா அங்கிள்? மொதல்ல தயிர் டப்பா. வேர் புடிச்சதும் ஒரு கேலன். அப்புறம் அஞ்சு. மொளகாயோ தக்காளியோ, நாத்தை எடுத்து மாத்தி நட்டாத்தான் வேகம் வரும்.”

மைக்ரோவேவ் வாங்கினால்கூடக் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர் வெங்கடாசலம். அன்றைக்கு அவனை அண்ணாந்து பார்த்து, “கரெக்ட்தான்பா, நீ மண்ணுல பொறந்தவன்,” என்றார். ஆறு ஒரு கேலன் தொட்டி, ஆறு ஐந்து கேலன் தொட்டி வாங்கினார்கள்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவன் போனான். பர்வதம் அவனை விவசாயி என்றே கூப்பிட்டார். கம்ப்யூட்டர்ல ஏர் உழுற விவசாயி வந்தாச்சு, காபி போடுங்க என்று படுத்தபடியே கணவருக்குக் குரல் கொடுப்பார். டப்பாவிலிருந்து ஒரு கேலனுக்கு மாற்றியபோது இரண்டு நாற்றுகள் துவண்டு செத்தன. ஐந்து கேலனுக்கு மாற்றும்போது, டப்பா வடிவிலேயே சுருண்டு கிடந்த வேர்கள் அறுந்தன. வேர் பிடிச்சிடும் என்றான் நெடுஞ்செழியன். பிடித்தது. ஆனால் செடியின் கடிகாரம் நிற்கவில்லை. நாலு செடியும் ஒரு சாண் உயரத்திலேயே பூத்தன. பெரிய தொட்டியின் நடுவில் ஒவ்வொன்றும் கிள்ளுக்கீரை போல நின்றது. டப்ளினில் மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற காற்றில் துணித் தொட்டி காய்ந்துவிடும் என்று வெங்கடாசலம் மீட்டிங் நடுவிலும் எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றினார்.

ஜூன் கடைசியில் அறுத்துக் காயவைத்தபோது எல்லாம் சேர்ந்து ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. வெங்கடாசலம் அதன் சாரத்தை நெய்யில் இறக்கி, ரசம் சாதத்தில் துளி விட்டுக் கொடுத்தார். பர்வதம் சாப்பிட்டார். மறுநாள் வத்தக்குழம்பு கேட்டார். மூன்றாம் நாள் ஹம்சாவின் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்தார்; “அம்மா, that's mine,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பாத்ரூமுக்குள் போய் அழுதாள். நாலாம் நாள் நெய் தீர்ந்தது.

அடுத்த வாரம் எடை தொண்ணூற்றொன்று. அந்தக் கடைக்கே போய்விடுவது என்று வெங்கடாசலம் கார் சாவியை எடுத்தார். பர்வதம் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தார்.

“ஹம்சாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் டைம் இருக்கு. எனக்கு இல்ல. சாவியை மாட்டுங்க.”

மாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி விதை போட்டார், இந்த முறை நேராக ஐந்து கேலனில். ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் நின்ற நெடுஞ்செழியன் கண்ணில் விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் பட்டது. கடைசி வரை எந்தத் தொட்டியில் வளருமோ அதிலேயே விதைக்கவும், மாற்றி நட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதைப் படிச்சிருந்தீங்களா அங்கிள்?”

“கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே படிச்சேன்.” மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினார். “பேக்கெட்ல இருக்கறதா, வயக்காட்டுல வளர்ந்தவன் சொல்றதான்னு வந்தப்போ, நீ சொல்றதுதான் பெருசாப் பட்டுது.”

நெடுஞ்செழியன் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“எங்கப்பா என்னைய வயலுக்குள்ள எறங்கவே விட்டதில்ல அங்கிள். சேறு பட்டா படிப்பு போயிரும்னு வரப்புலயே நிறுத்திருவாரு. நான் ஒரு நாத்துகூட நட்டதில்ல.”

வெங்கடாசலம் தண்ணீர் ஹோஸை மூடிவிட்டு, “ஆன்ட்டிகிட்ட சொல்லாத,” என்றார். “அவளுக்கு உன்னை அப்படிக் கூப்பிடறதுல ஒரு சந்தோஷம்.”

ஜூலை நடுவில் எடை எண்பத்தெட்டுக்கு இறங்கியது. கீமோவை நிறுத்தினார்கள். இரண்டாம் முறை போட்ட செடிகள் தடையில்லாமல் வளர்ந்து, இடுப்பு உயரத்தில் பூத்து நின்ற ஆகஸ்ட் மாதத்தில் பர்வதம் இறந்துபோனார். சாப்பிட்டிருந்தாலும் நோய் நின்றிருக்காது என்று டாக்டர் சொன்னதாக வெங்கடாசலம் நெடுஞ்செழியனுக்கு போன் பண்ணிச் சொன்னார். அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சொன்னார். காரியம் முடிந்த மறுநாள் நெடுஞ்செழியன் வேலி ஓரம் போனபோது, வெங்கடாசலம் செடிகளை வேரோடு பிடுங்கி, தோட்டக் கழிவுக்கான பச்சைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தது தெரிந்தது. மூடி மூடவில்லை. இருவருமாகச் சேர்ந்து அமுக்கி மூடினார்கள்.

அடுத்த மார்ச்சில் கிரீன் கார்டு வந்தது, இரண்டு பேருக்கு.

வெங்கடாசலம் இப்போது டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறார். இரண்டாம் மாடி அபார்ட்மெண்ட், தொட்டி எதுவும் வைக்கவில்லை. அதே டேட்டாபேஸ் வேலை. ஹம்சா பக்கத்தில் ஆஸ்டினில் படிக்கிறாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறாள்.