சனிக்கு அப்புறம் சித்தி வீடு

கடைப் பலகை எழுதும் அவளை எல்லாரும் 'போர்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடை, பல் வைத்தியர், பூட்டு ரிப்பேர் என்று அந்தத் தெருவில் அவள் கை படாத பலகை குறைவு. சினிமாக்காரர்கள் அவளைத் தேடி வந்தபோது, "கதாநாயகியோட அம்மா வேஷமா இருக்கும், விட்டுடாதே" என்று கணவர் கேலி செய்தார்.

வந்த வேலை வேறு. ஒரு ராக்கெட்டுக்கு எழுத்து எழுத வேண்டும்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்களோ, அந்த ராக்கெட் அப்படியே இருக்க வேண்டுமாம். தொடுதிரை கிடையாது. ஆணி அடித்த தகரச் சுவர், இழுத்தால் 'டக்' என்று விழும் பிடிகள், முள் ஆடும் வட்டக் கருவிகள்.

"கம்ப்யூட்டர் எழுத்தே வேணாம்மா," என்றார் கலை இயக்குநர். "கை நடுங்கினது தெரியணும்."

"என் கை நடுங்காதே சார்."

"அப்போ நடிங்க."

உள்ளே குனிந்து நுழைந்ததும் அவளுக்குத் தகர வாசனை அடித்தது. அண்ணனும் அவளும் சின்ன வயதில் ஏறிப் பறந்த ராக்கெட்டிலும் இதே வாசனைதான். அது கதவு கழன்ற பழைய பீரோ. மல்லாக்கச் சாய்த்து, உள்ளே படுத்து, காலைத் தூக்கிக்கொண்டால் புறப்பட்டுவிடும். பக்கச் சுவரில் அண்ணன் சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்து, போகும் இடங்களைக் குறித்தான்: சந்திரன், செவ்வாய், வியாழன், சனி. அதற்கும் அப்பால், சித்தி வீடு.

"சித்தி வீடு அவ்வளவு தூரமாடா?"

"மூணு பஸ் மாறணும். நீ ரெண்டு தடவை வாந்தி எடுப்ப. சனிக்கே போய்ட்டு வந்துடலாம்."

அப்பாவின் கடைசி நாட்களில் அண்ணன் வரவில்லை. வெளிநாட்டு வேலை, லீவு கிடைக்கவில்லை என்றான். "அப்படின்னா இனிமே வரவே வேணாம்" என்று போனில் கத்தியவள் அவள்தான். தங்கை சொல்லி அவன் கேட்ட ஒரே விஷயம் அதுதான். ஒன்பது வருஷமாயிற்று. பழைய எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள்.

நடந்து முடிந்த காலத்துக்காக ஏங்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வராமலே போன காலத்துக்காக ஏங்குவதற்கு என்ன பெயரோ தெரியவில்லை. இந்த மாதிரிப் படங்கள் பிழைப்பது அந்த ஏக்கத்தில்தான். எவ்வளவு தூரம் போனாலும், திருப்பிக் கூட்டிவர ஒரு பிடி இருக்கும் என்று அந்த எதிர்காலம் நம்பியது.

கைக்குத் தாங்கலாக ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, வட்டக் கருவி ஒன்றின் கோடுகளுக்கு எதிரே வெள்ளை எனாமலில் கிரகங்களை வரிசையாக எழுதினாள். கடைசிக் கோட்டுக்கு எதிரே ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. அங்கே பொடி எழுத்தில் 'சித்தி வீடு' என்று எழுதினாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை, கை தானாகவே நடுங்கியது.

கலை இயக்குநர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது?"

"சனிக்கு அப்புறம் வர்ற இடம் சார்."

அழிக்கச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "யார் படிக்கப் போறா, இருந்துட்டுப் போகட்டும்."

படிக்க ஒருவன் இருந்தான். ராக்கெட் படம் எந்த ஊரில் வந்தாலும் முதல் நாளே போய் உட்காருகிறவன். இந்தப் படம் அவன் இருக்கும் நாட்டிலும் வெளியாகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

முதல் நாள் கணவரோடு போனாள். கதை சுமார்தான். வில்லன் யாரென்று இடைவேளைக்கு முன்பே பாப்கார்ன் விற்கிறவருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. கடைசியில் ராக்கெட் கட்டுப்பாடு இழந்து பாய, அவள் எழுதிய கருவி திரை முழுக்க வந்தது. முள் செவ்வாயைத் தாண்டி, சனியைத் தாண்டி, கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. சித்தி வீடு.

அரங்கமே சிரித்தது. கணவர் கைதட்டிச் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ ஏன் சிரிக்கல?"

வேறொரு நாட்டில், இதே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தின் நடுவே, பக்கத்து இருக்கைக்காரர் யாரிடமோ இதையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.