டிராமில் நாங்கள் தெரியாத ஆக்கள்

டிராமின் கம்பியைப் பிடித்திருந்த உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனால் பழைய சில்லறைக் காசின் மணம் அடிக்கும். குரோய்டன் நகரம் எப்போது நினைவுக்கு வந்தாலும் எனக்கு முதலில் வருவது அந்த மணம்தான். அதன் பின்னாலேயே ஒரு பயமும் வந்துவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கை அபிக்கு நாலு. லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தெற்கு லண்டனில் ஒரு கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் அப்பா, அம்மா, நாங்கள் இருவர் என்று நாலு பேரும் குடியிருந்தோம்.

அந்தக் கோடை விடுமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிராம் ஏறிக் குரோய்டனுக்குப் போனோம். பள்ளிக்கூடம் தொடங்கியதும், விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஆசிரியை கேட்டபோது, டவுன் சுற்றிப் பார்த்தோம் என்று பெருமையாகச் சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. உண்மையில் நாங்கள் போனது அப்பா "சைன்" வைக்கிறதற்காக. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அவர் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வரவேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கையெழுத்து வைக்கப் போன இடத்திலேயே பிடித்துவைக்கப்பட்டார் என்றும், வீட்டில் சோறு ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த அவருடைய மனைவிக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது என்றும் ஒரு கதை எங்கள் அறைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா அறையில் இருந்து காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். "கிட்டவாவது நிக்கோணும். என்னாலை இஞ்சை இருக்க ஏலாது" என்பார்.

ஆனால் கிட்ட நிற்பதற்கு அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஊரில் இராணுவத்தின் "செக்பொயின்ற்" தாண்டும்போது ஒரு குடும்பம் ஒன்றாகப் போவதில்லையாம். ஆம்பிளை ஒரு கூட்டத்தோடு முன்னால் போவார். பெண்ணும் பிள்ளைகளும் வேறொரு கூட்டத்தோடு பின்னால் போவார்கள். ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். ஒருவரைப் பிடித்தாலும் மற்றவர்கள் வீடு போய்ச் சேரலாம். அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் எத்தனையோ தரம் தப்பி வந்தவர்கள். பெட்டி படுக்கையோடு அந்தப் பழக்கத்தையும் லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டிராமில் அப்பா முன் கதவால் ஏறி முன்னால் இருப்பார். நாங்கள் பின் கதவால் ஏறிப் பின்னால் இருப்போம். "டிராமுக்குள்ளை நாங்கள் தெரியாத ஆக்கள். அப்பா இறங்கினாலும் பாக்கப்படாது, கூப்பிடப்படாது. விளங்கிச்சோ?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் என் காதுக்குள் சொல்வார். அபிக்கு அதை ஒரு விளையாட்டு என்று சொல்லி வைத்திருந்தோம்.

இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது. அந்த அலுவலகத்தில் அப்பாவின் பைலைத் திறந்தால் எங்கள் நாலு பேரின் படமும் இருக்கும். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் நாங்களே எழுதிக் கொடுத்தவை. யாருக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள் டிராமின் இரு முனைகளில் இருந்தோம் என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயம் பைலைப் பார்த்தா அடங்கப் போகிறது?

வெஸ்ட் குரோய்டன் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் அப்பா இறங்கி, தாள்கள் வைத்த பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்துபோவார். நாங்கள் அதற்கடுத்த ரயில் நிலைய நிறுத்தம்வரை போய் இறங்கி, அங்கிருந்து நடந்து டவுனைச் சுற்றுவோம். கண்ணாடி "லிஃப்ற்" ஓடுகிற பெரிய அங்காடியில் ஏறி இறங்குவோம்; கிண்ணம் கிண்ணமாகப் பழம் விற்கும் சந்தைத் தெருவில் வியாபாரிகள் போடும் கூச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்போம்; பொம்மைக் கடையில் எதையும் தொடாமல் பார்ப்போம். அம்மா எங்களுக்கு எல்லாவற்றையும் கைநீட்டிக் காட்டுவார், ஆனால் தான் ஒன்றையும் பார்க்கமாட்டார். எங்கே போனாலும் அவர் கண் சுவரில் மணிக்கூடு தேடும். சந்தைத் தெரு முனையில் அப்பா எங்களைக் கடந்து நடந்துபோனால்தான் அம்மாவுக்கு மூச்சு வரும். நாங்கள் இருபது அடி விட்டு அவர் பின்னால் போய், பழையபடி தெரியாத ஆக்களாக டிராம் ஏறுவோம்.

மூன்றாவது முறை போனபோதுதான் அது நடந்தது. வெஸ்ட் குரோய்டனில் தள்ளுவண்டிக் குழந்தைகளும் சாமான் பைகளுமாக ஒரு கூட்டம் ஏறியது. அம்மா ஒரு வயதான பெண்ணுக்கு இடம் விட்டு எழுந்தார். அபி என் பக்கத்தில் நின்றவள், ஆட்களின் கால்களுக்கிடையே நழுவி நடுக்கதவுப் பக்கம் போய்விட்டாள். அடுத்த நிறுத்தம் வந்தது. அப்பா முன் கதவால் இறங்கினார். நடுக்கதவால் அபியும் இறங்கினாள்.

நான் கண்டேன். கண்ணாடிக்கு வெளியே, அவளுடைய மஞ்சள் சப்பாத்துக் கால்கள் நடைமேடையில் நின்றதைக் கண்டேன். கூப்பிட வாய் திறந்தேன். நடைமேடையில் சீருடை போட்ட ஒருவர் நின்றார். அவர் யார், என்ன வேலை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் அப்பாவும் திரும்புவார், நாங்கள் ஒரே குடும்பம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை அவ்வளவையும் அரை நொடியில் நினைத்து வாயை மூடிக்கொண்டாள். கதவும் மூடியது. டிராம் மணி அடித்துப் புறப்பட்டு, நடைமேடையில் நின்ற ஆட்கள் தூரத்தில் சிறிதாகிப்போன பிறகுதான், "அம்மா, அபி இறங்கிட்டாள்" என்று மெதுவாகச் சொன்னேன். சத்தமாகச் சொல்ல அப்போதும் எனக்குத் துணிவில்லை.

அம்மா என்னை ஏசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் வளையல் அழுந்திய அடையாளம் இரண்டு நாள் இருந்தது. டிராமின் கதவை உள்ளங்கையால் தட்டினார். டிராம் அதற்கெல்லாம் நிற்குமா? ரயில் நிலையத்தில் கதவு திறந்ததும் ஓடத் தொடங்கினோம். அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தெரு அகலமான தெரு, பேருந்துகளும் லொறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு முறை ஏதாவது "பிரேக்" போடும் சத்தம் கேட்டபோதும் அம்மா "ஐயோ" என்றார். நான் ஓடிக்கொண்டே அழுதேன். அபி செத்துப்போனால் நான்தான் காரணம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அலுவலகத்தின் முன்னால் சுவரோரமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவ்வளவு பேருக்கும் கேட்க அம்மா கத்தினார்: "இஞ்சாருங்கோ!" புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வாய்க்கு வேறு சொல் வரவில்லை. வரிசையில் நாலைந்து தமிழ் ஆண்கள் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பா. அவருக்குப் பின்னால் மூன்று ஆள் தள்ளி, யாரோ ஒரு பெண்ணின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அபி நின்றாள்.

அந்தப் பெண்ணும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். "உங்கடை பிள்ளையோ அக்கா? காவலுக்கு நிக்கிறவர் வந்து யாற்றை பிள்ளை எண்டு கேட்டவர். இந்த அண்ணையையும் கேட்டவர். அண்ணை தெரியாது எண்டவர்" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "பிள்ளையைக் கண்டனான். நீர் பின்னாலை எங்கையோ நிக்கிறீர் எண்டு நினைச்சன். அவன் கேட்ட உடனை வாயிலை வந்திட்டுது" என்றார். அபி ஓடிவந்து அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நானும் சொல்லேல்லை. என்னையும் கேட்டவை, நான் அப்பாவைப் பாக்கவே இல்லை" என்றாள். விளையாட்டில் வென்றுவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

அம்மா அபியைத் தூக்கி அப்பாவின் கையில் கொடுத்தார். "பிடியுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்" என்றார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வரிசையில் அப்பாவோடு நின்றார். முன்னாலிருந்த கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் அம்மா யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்; ஆனாலும் அவர் விலகவில்லை. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் உள்ளே போனோம், நாலு பேரும் வெளியே வந்தோம். திரும்பும் டிராமில் எதிரெதிர் இருக்கைகளில் முழங்கால்கள் முட்ட ஒன்றாக இருந்தோம். வீடு வரும்வரை அப்பா அபியைக் கையிலிருந்து இறக்கவேயில்லை.

சில வருடங்களில் எங்களுக்கு விசா வந்தது, பிறகு குடியுரிமையும் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஓடிய அந்த டிராம்கள் இப்போது பச்சை நிறத்தில் ஓடுகின்றன. பொம்மைக் கடை இல்லை. அங்காடியில் பாதிக் கடைகள் பலகை அடித்துக் கிடக்கின்றன. அபிக்கு அந்த நாள் நினைவில்லை. நான் சொன்னால், "அக்கா, நீங்கள் கூட்டிச் சொல்றீங்கள்" என்று சிரிக்கிறாள். அப்பாவோ அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்த் தேத்தண்ணி போடத் தொடங்கிவிடுவார். எங்கள் வீட்டில் இன்றைக்கு யாருக்கும் யாரையும் தெரியாததுபோல இருக்கத் தேவையில்லை. அந்தச் சட்டம் ஒழிந்துவிட்டது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆறு வயது மகனுக்கு டவுன் காட்ட அதே டிராமில் போனேன். அவன் ஓட்டுநர் அறையின் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு என்னிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றான். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் சீருடையோடு ஏறினார். அவனைப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்து, இந்தப் பையன் உங்களுடையவனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு சாதாரணக் கேள்வி. என் தலை, நான் சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை என்று அசையத் தொடங்கியதை நானே உணர்ந்தேன்.

"ஓம்!" என்று கத்தினேன். ஆங்கிலக் கேள்விக்குத் தமிழில், அதுவும் அவ்வளவு சத்தமாக வந்த பதிலைக் கேட்டு டிராம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மகன் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டான். நான் போய் அவன் தோளைப் பிடித்தேன். இறங்கும்வரை விடவில்லை.