மூட்டையின் ஆறாவது மாதம்

அண்ணிக்கு நிம்மதியாக உட்காரத் தெரியாது. நாற்காலியின் நுனியில், அடுத்த பஸ் தன்னுடையது என்பதுபோல உட்காருவாள். சாப்பிடும்போதும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்ப்பாள். பால் பொங்கும். ஒரு கையால் அடுப்பை அணைத்துக்கொண்டே மறுபடி கைபேசியைப் பார்ப்பாள். ஏதோ தொடரில் மூழ்கிக் கிடக்கிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நீலவேரின் விலையை.

அவளுக்குப் பெரிய மருத்துவமனையொன்றின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். வெளுத்து வந்த ஈரப் போர்வையை ஆளுக்கு இரண்டு முனையாக இருவர் பிடித்து உதறி, சுடுகிற இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, தாள்போல வெளியே வரும். கொஞ்சம் தாமதித்தால் போர்வை சுருங்கும். கொஞ்சம் அவசரப்பட்டால் விரல் வேகும். நிமிடத்துக்கு நான்கு போர்வை. பதினொரு வருடம். காலையில் எழுந்ததும் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டாள். டீ கிளாஸை மட்டும் இரண்டு கையாலும் பிடிப்பாள்.

அந்த இணைய விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அண்ணன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே நாலைந்து மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில், விளையாட்டுக்குள் அவன் பெயர் பெருவாள். நாற்பது பேர் கொண்ட படைக்குத் தலைவன். கணினித் திரையில் கோட்டைகளைப் பிடிப்பான், இழப்பான், மறுபடி பிடிப்பான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் இருந்தபடி, அண்ணியை விளையாட்டுக்குள் போய்ச் சந்தையில் காயம் ஆற்றும் கஷாயம் நாலு குப்பி மட்டும் வாங்கி வைக்கச் சொன்னான். அண்ணி சந்தைக்குள் போனாள். அதன் பிறகு வெளியே வரவே இல்லை என்று சொல்லலாம்.

அந்தச் சந்தையில் கடைக்காரர்கள் எல்லாருமே ஆடுகிறவர்கள்தான். விளையாட்டை நடத்தும் நிறுவனம் எதற்கும் விலை வைப்பதில்லை. விற்றதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், சேர்ந்த காசை உண்மைப் பணமாக மாற்றித் தரும், அவ்வளவுதான். அண்ணி தனக்கென்று ஒரு கடை போட்டாள். விளையாட்டு கடைக்குப் பெயர் கேட்டது. வெளுப்புக்கூடத்தில் பதினொரு வருடமாக எதை எண்ணினாளோ அதையே எழுதினாள்: மூட்டை. ஒரே சரக்கு, நீலவேர். சதுப்பு நிலத்தில் பறிப்பது. அது இல்லாமல் கஷாயம் இல்லை, கஷாயம் இல்லாமல் சண்டை இல்லை. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் விளையாட வராததால் விலை படுக்கும், சம்பள வாரத்தில் எழுந்து நிற்கும் என்பதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலை பஸ்ஸில் நின்றபடி வாங்குவாள், திரும்பும் பஸ்ஸில் நின்றபடி விற்பாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பணம் என் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. அண்ணியின் கணக்கில் எது விழுந்தாலும் அண்ணனின் கைபேசிக்குத் தகவல் போய்விடும். அண்ணனிடம் சொல்லிவிட்டால்தான் என்ன என்று ஒருமுறை கேட்டேன். சொன்ன மறுநாளே நாற்பது பேருக்கும் ஓசியில் வேர் கொடு என்று வந்து நிற்பார் என்றாள்.

அவளுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. வெளுப்புக்கூடத்தின் சம்பளம் எவ்வளவோ அவ்வளவை, தொடர்ந்து ஆறு மாதம், வேர் தர வேண்டும். தந்தால் வேலையை விட்டுவிடுவாள். நடுவில் ஒரு மாதம் கொஞ்சம் குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து. முன்பு ஒருமுறை நாலு வரை போய்ச் சறுக்கியிருக்கிறது. சொற்பம்தானே குறைகிறது, சேர்த்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "நாலரைன்னு ஒரு மாசம் கிடையாது தம்பி," என்றாள். இப்போது ஐந்து முடிந்து ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது.

மூட்டையைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. மூட்டைப்பூச்சி என்றுதான் சொல்வான். சாப்பிடும்போது புலம்புவான்: இன்றைக்கும் இரண்டு காசு ஏற்றிவிட்டான், படுத்தால் ரத்தம் குடிக்கிறான். யார் அவன் என்று அண்ணி கேட்பாள். எவனோ ஒரு கிழட்டுக் கஞ்சன், வாயைத் திறக்க மாட்டான், பெண்டாட்டி துரத்திவிட்டிருப்பாள் என்பான் அண்ணன். பாவம் என்று சொல்லி அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள். நான் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, அண்ணி சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. ஆனால் அண்ணன் காதில் ஹெட்போன் கருவியை மாட்டிவிட்டால், தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்ற நினைப்பில் பேசுவான். படைக்குத் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய முற்றுகை. இரண்டு வாரமாகப் பறித்த வேர் நம் கோட்டையின் பாதாள அறையில் இருக்கிறது. வியாழன் சாயங்காலம் அதில் முக்கால் பங்கை அரை விலைக்குச் சந்தையில் கொட்டுகிறோம். எல்லாரும் பயந்து விலையை இறக்குவார்கள். மூட்டையும் அலறிக்கொண்டு இறக்குவான். ராத்திரி கால் விலைக்கு எல்லாவற்றையும் நாமே அள்ளுகிறோம்.

அண்ணியின் கை மாவிலேயே நின்றது. பிறகு வேகமாகப் பிசைந்தாள். அந்த மாவு அன்றைக்கு ரப்பராகிவிட்டது.

இரண்டு நாள் அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். துவைத்ததைத் துவைத்தாள். அடுக்கிய பாத்திரத்தை இறக்கி மறுபடி அடுக்கினாள். வெளுப்புக்கூடத்தில் ஒரு போர்வையைக் கருக விட்டு, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கி வந்தாள். புதன்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"தம்பி, இது ஒட்டுக் கேட்டதாகுமா?"

நான் யோசித்தேன். நான் யோசிக்கும் வேகம் அவளுக்கு எப்போதுமே போதாது.

"நான் கதவுகிட்டகூடப் போகல. அடுப்படியில நின்னேன். அவர் கத்தினார்," என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வியாழன் ஐந்தரைக்கு வேர் கொட்டியது. விலை பாதியானது. பத்து நிமிடத்தில் சின்னக் கடைக்காரர்கள் பதறி இன்னும் கீழே இறக்கினார்கள். அண்ணி கைபேசியைத் தண்ணீர்க் குழாயில் சாய்த்து வைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டே வாங்கினாள். ஒரு தட்டு, ஒரு கொள்முதல். ஈர விரலுக்குத் திரை பணியாதபோது சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். கடையில் இருந்த காசெல்லாம் போனது. பிறகு, மாதக் கடைசியில் எடுப்பதற்காக விட்டுவைத்திருந்த அந்த மாத வருமானமும் போனது. ஆறரைக்குச் சந்தையில் நீலவேர் துடைத்துவிட்டதுபோல இருந்தது. உள்ளே அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது கேட்டது. அள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் வேருக்கு ஒரு குணம் உண்டு. கோட்டையின் பாதாள அறையில் வைத்தால் கெடாது. கடையில் இருந்தால் மூன்றாம் நாள் காய்ந்து தூளாகிவிடும். கடைக்காரர்களுக்குக் கோட்டை கிடையாது. ஞாயிறு மாலை ஐந்தரைக்குள் விற்றாக வேண்டும். இல்லையென்றால் ஆறாவது மாதம் மட்டுமல்ல, கடையே தூள். அண்ணனுக்கும் அது தெரியும். அவன் படைக்குச் சொன்னான்: யாரும் வாங்காதீர்கள், கையில் இருக்கிற கால் பங்கை வைத்து ஆரம்பிப்போம், காயப்போகும் நேரத்தில் மூட்டையே காலில் வந்து விழுவான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். ஒரே படுக்கையில் தூங்கினார்கள், அல்லது தூங்கவில்லை. சனிக்கிழமை காலை இருவருக்கும் கண் சிவந்திருந்தது. உனக்கு என்ன என்று அவன் கேட்டான். உங்களுக்கு என்ன என்று இவள் கேட்டாள். சூடு என்று இருவரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு முற்றுகை. மூன்று மணிக்குக் கஷாயம் தீர்ந்தது. மூன்றரைக்கு எதிரியின் கோட்டைக் கதவு பாதி உடைந்து நின்றது. மீதியை உடைக்கக் காயமில்லாத ஆள் இல்லை. அண்ணி கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்தாள். நான் மூலையில் ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கைபேசி அதிர்ந்தது. எனக்குக் காட்டினாள்.

"மூட்டை அண்ணே, பழசை மனசுல வெச்சுக்காதீங்க. உங்ககிட்ட இருக்கறது மொத்தமும் வேணும். பாத்து சொல்லுங்க."

அண்ணன் இந்த வீட்டில் யாரிடமும் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. போன வாரம் என்ன விலையோ அதே விலை, ஒரு காசு கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று எழுதினாள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்துவிடுமே என்று அவன் எழுதினான். "காயட்டும்," என்று இவள் எழுதினாள்.

பதினோரு நிமிடம். பிறகு அவன் சம்மதித்தான். வியாழனன்று படை வேர் விற்ற காசு போதாது. மீதியைப் படையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவைத்திருந்த பொதுப் பணத்திலிருந்து தருவதாகச் சொன்னான். சரக்கு அதிகமாகையால் சந்தை வழியாக இல்லாமல் நேரடி விற்பனை. அண்ணி அதுவரை நேரடியாக விற்றதே இல்லை. கடை வழியாக விற்றால் யார் பெயரும் யாருக்கும் தெரியாது. நேரடி விற்பனையில் முதலில் ரசீது வரும். அதில் பணம் போகிற கணக்குக்கு உரியவரின் பெயர் முழுசாக இருக்கும். வாங்குகிறவர் பத்து நிமிடத்துக்குள் சரி என்று அழுத்தினால்தான் சரக்கும் பணமும் கை மாறும். இது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அறைக்கதவு திறந்தது. காதில் மாட்டுவது கழுத்தில் தொங்க, அண்ணன் நேராக என்னிடம் வந்தான்.

"டேய். நீயாடா மூட்டை?"

ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அண்ணியின் ரகசியம் பிழைத்திருக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"தம்பிய விடுங்க," என்றாள் அண்ணி சமையலறை வாசலில் இருந்து. "அது நான்."

அண்ணன் அவளையும் அவள் கையில் இருந்த கைபேசியையும் பார்த்தான். கழுத்தில் தொங்கிய கருவிக்குள் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். பாட்டிலுக்குள் மாட்டிய ஈபோல இருந்தது அந்தச் சத்தம்.

"வியாழக்கிழமை பத்தி நான் பேசினதெல்லாம்..."

"எதிர் வீட்டுக்கே கேட்டுச்சு."

அவன் முகம் சிவந்தது. இது துரோகம் என்றான். பிறகு சட்டென்று ஏதோ தோன்றியவனாக, "அப்ப எதுக்குக் காசு? நம்ம வீட்டு வேர்தானே. சும்மா குடு," என்றான்.

அண்ணி அப்போதுதான் அந்த ஆறு மாதத்தைச் சொன்னாள். நின்றுகொண்டே, ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். போர்வை, சம்பளம், வேர், ஆறு. விரலைப் பற்றிச் சொல்லவில்லை. "இது வந்தா நாளைக்குக் கடுதாசி குடுக்கறேன். வரலைன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து. அவ்வளவுதான் விஷயம். நீங்க முடிவு பண்ணுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இப்ப கேட்டத அப்பவே கேட்டிருப்பீங்க."

திரையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்தில் ஆறு போய் நான்கு மிச்சம். அண்ணன் உள்ளே போனான், கதவைச் சாத்தவில்லை. கருவியை மாட்டிக்கொண்டு, மூட்டை விலையை இறக்க மாட்டேன் என்கிறது, ஆனால் நான் பேசிப் பார்க்கிறேன் என்று படையிடம் சொன்னான். மறுபடி எழுந்து வந்தான்.

"ஒரு அம்பது வேர் கொசுறு போடு. நாப்பது பேருக்கு முன்னாடி நான் ஏதாவது வாங்கிட்டேன்னு இருக்கணும்ல?"

அண்ணி ஒரு கணம் கணக்குப் போட்டாள்.

"முப்பது."

"சரி, முப்பது."

அவன் போய் அழுத்தினான். என் கைபேசிக்குப் பணம் வந்த தகவல் வந்தது. ஐந்தேகாலுக்கு உள்ளேயிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது. கோட்டை விழுந்திருக்க வேண்டும். அண்ணி கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் புது வேர் என்ன விலைக்கு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடிதத்தைக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் மூட்டு வலிக்காரர். ஒரு காலில் நின்றபடியே படித்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டாராம். சொந்தக் கடை, மூலிகை என்றாளாம். முழங்காலுக்கு ஏதாவது உண்டா என்று அவர் ஆசையாகக் கேட்க, இது கோட்டை பிடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த போர்வையை உதறப் போய்விட்டாளாம். விதிப்படி இன்னும் முப்பது நாள் அவள் அங்கே நிற்க வேண்டும்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக் கழற்றவில்லை. நான் வாழ்த்துச் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மூணு காசு இறங்கிருச்சு தம்பி," என்றாள். "ஏழாவது மாசம் ஆரம்பமே சரியில்ல."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்துகொண்டாள்.