என் மேசைக்கும் ஒரு பாயிண்ட்

தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவில், கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் இன்வாய்ஸ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்து ஊர் மேருவில் ஒரு ஃபேக்டரியில் கையில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். என் வேலையை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று சொல்லி, சுவரில் நெட்வொர்க் பாயிண்ட் போட கம்போங் மேடானிலிருந்து ஒரு வயர்மேன் வந்தான்.

சுவரோரமாக வெள்ளை பிளாஸ்டிக் குழாயை ஒட்டிக்கொண்டே வந்தான். நீலக் கேபிளின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்துப் பிரித்து, சாக்கெட்டின் பின்பக்கம் ஒவ்வொன்றாகக் குத்தி இறக்குவான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கவுண்ட்ஸுக்கு ஒன்று, ஷிப்பிங் ஆட்களுக்கு ஆளுக்கு ஒன்று. என் மேசைக்கு முந்தின மேசையோடு குழாய் நின்றுவிட்டது.

"தம்பி, எனக்கு எங்க?"

"இந்தச் சுவத்துக்குப் போடச் சொல்லலக்கா."

"மறந்திருப்பாங்க. கேட்டுப் பாருலா."

அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். பாயிண்ட் இல்லாத மேசைக்குக் கம்ப்யூட்டர் வராது. கம்ப்யூட்டர் இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை? அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் நேராக மேனேஜர் அறைக்குள் போனேன். அவரும் தமிழர்தான். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"எல்லா மேசைக்கும் பாயிண்ட் போடுறீங்க பாஸ். என் மேசை மட்டும் என்னா பாவம் பண்ணிச்சு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சரிலா, போடச் சொல்றேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரில் போட வசதியாக ஃபைல் அலமாரியை நானே தள்ளிக்கொடுத்தேன். சுவர்த் தூசி தலையெல்லாம் கொட்டியது. கடைசியில் வயர்மேன் டெஸ்டரைச் செருகிப் பார்த்தான், பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வெட்கமில்லாமல் என் சாக்கெட்டைக் காட்டினேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் வந்தது. என் மேசையில்தான் வைத்தார்கள். கூடவே டிப்ளமா படித்த ஒரு இளம்பெண்ணும் வந்தாள். மேனேஜர் அவளை என் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"மாசக் கடைசி வரைக்கும் இவங்களுக்கு வேலையச் சொல்லிக்குடுங்க" என்றார் என்னிடம். "அதுக்கப்புறம் நீங்க வர வேண்டாம்."

என் மேசைக்காகத்தானே சண்டை போட்டேன், எனக்காகப் போடவில்லையே என்றுதான் தோன்றியது.

அந்தப் பெண் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அக்கா, இத எங்க சொருவணும்?"

மேசைக்கடியில் குனிந்து காட்டினேன்.