திரைக்குப் பின்னால் தட்டிய கைகள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் ஊர் ஒரு சாயங்காலம் முழுக்கச் சாதியை மறந்திருந்த கதையைச் சொல்ல வேறு ஆள் முன்வரவில்லை.

பரமத்தி வேலூருக்குக் கூடார சினிமா வந்திருந்தது. ராஜா மகள், செருப்புத் தைப்பவன் மகனைக் காதலிக்கிற கதை. அவன் கறுப்பு என்று காட்ட முகத்துக்குக் கரி பூசியிருந்தார்கள். கைகளுக்குப் பூச மறந்துவிட்டார்கள். கரிக்கு அடியில் ஆள் சிவப்புதான் என்று தெரிந்ததால் ஜனங்கள் தாராளமாக இரக்கப்பட்டார்கள்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த எங்களுக்குத் திரைக்கு முன்னால் மணல். சேரி ஜனங்களுக்குத் திரைக்குப் பின்னால். நனைத்த துணியில் படம் அந்தப் பக்கமும் தெரியும், இடம் வலமாக. அவர்களுக்கு அது போதும் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

என் அண்ணன் முதல் ரீலிலேயே அழ ஆரம்பித்தார்.

எனக்கு அழ நேரமில்லை. சேலத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்தேன். அவளுடைய தாத்தா எங்கள் ஊர்ச் சேரியிலிருந்து போனவர். "உங்க அண்ணன் சம்மதிச்சா நாளைக்கு வாங்க. இல்லீன்னா வராதீங்க. எங்கப்பா பாத்த எடத்துக்கே சரின்னுடறேன்" என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். அண்ணன் துண்டில் மூக்கைச் சிந்தினார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"ஏனுங்கண்ணா, நம்ம ஊட்டுல இப்படி ஒண்ணு நடந்தா?"

"மனசு ஒத்துப்போச்சுன்னா சாதியாவது ஒண்ணாவது, சாமி! அந்த ராசாவ நாலு அறை அறையோணும்."

நான் மனசுக்குள் சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடைசி ரீலில் கல்யாணம். செருப்புத் தைப்பவன் மகன் தாலியைக் கையில் எடுத்தான். எங்கள் பக்கம் விசும்பல். திரைக்குப் பின்னாலிருந்து திடீரென்று கைதட்டல், சீட்டி, "கட்டுடா மாப்பிள்ள!" என்று ஒரு குரல்.

எங்கள் பக்கம் விசும்பல் நின்றுபோயிற்று. அவர்களும் இதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

"என்ன திமிரு பாத்தியா!" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆமா, அப்பவே என்னமோ கேட்டியே. யாரு புள்ள?"

சொன்னேன். தாத்தா எந்தச் சேரி என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அண்ணன் கோபப்படவில்லை, சிரித்தார். "படத்துல புலிகூடத்தான் வந்துச்சு. ஊட்டுக்குள்ள உடுவியா?"

கண்ணோரத்தில் மிச்சமிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் திரைக்குப் பின்னால் ஓலைத்தட்டி வைத்து அடைத்தார்கள். சேலம் பஸ் நேரத்துக்கு வந்தது, நான் ஏறவில்லை. சாயங்காலம் அண்ணன் அதே படத்துக்கு மறுபடியும் போய்விட்டு வந்தார்.